திடீரென்று எதுவும் நடக்கவில்லை

1. பௌர்ணமி மாலை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டியிருக்கும் தங்கள் கடையில் செல்வி மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு.

2. வீட்டுக்குள் இருந்த அவருடைய மகள் சங்கவி கடைப்பலகையைத் தாண்டி வெளியே வந்து, நடக்கிற கூட்டத்தோடு கலந்துவிட்டாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆட்டிசம் உண்டு, பேச்சு வராது.

3. அவளுடைய அப்பா ஏழுமலை தேடிக்கொண்டு ஓடி, பாதையோரம் உள்ள குபேர லிங்கச் சன்னதி அருகே அவளைக் கண்டுபிடித்தார்.

4. கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் திருப்பினார்.

5. அவள் அவருடைய மணிக்கட்டைக் கடித்தாள். தரையில் உட்கார்ந்து தலையை மோதிக்கொண்டு கத்தினாள்.

6. கத்துகிற பெண்பிள்ளையை ஒரு ஆள் இழுத்துப் போவதைப் பார்த்து கூட்டம் சூழ்ந்தது. பிள்ளை பிடிக்கிறவன் என்று யாரோ சொன்னார்கள். சிலர் அடித்தார்கள். போலீஸ் வந்து இருவரையும் காவல் உதவி மையத்துக்குக் கொண்டுபோனது.

7. செல்வி அடுப்பை அணைத்துவிட்டு, மகளின் மாற்றுத்திறனாளி அட்டையை எடுத்துக்கொண்டு காவல் உதவி மையத்துக்குப் போனார். இருவரையும் அழைத்துவந்தார்.

8. மறுநாள் ஏழுமலையின் அண்ணன் கோவிந்தன் வந்து, வேலூர்ப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்க்கும் விடுதி ஒன்று இருப்பதாகவும், பேசிவிட்டதாகவும், அடுத்த பௌர்ணமி கழிந்ததும் கொண்டுபோய் விடலாம் என்றும் சொன்னார்.

இப்படி எண் போட்டுச் சொல்வது, சிறப்புக் குழந்தைகளுக்கான எங்கள் மையத்தின் வழக்கம். சமீபத்தில் களப்பணிக்கு வந்திருக்கும் இரண்டு பெண்கள்தான் இதை எழுதச் சொன்னார்கள். அவர்கள் கையில் இப்போது டேப்லெட் இருக்கிறது. அதில் 'நடத்தை' என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரிகிறது. மேலே சொன்ன எட்டு வரியும் அதில் 'ஓடிப்போதல்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். "நீங்க எதுக்கு அவ்ளோ நீளமா எழுதினீங்க அக்கா?" என்று கேட்டார்கள். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள்.

நான் களப்பணியை விட்டுவிட்டேன். ஓய்வு பெறும் வயதில்லை. முதுகெலும்பில் ஒரு வட்டு விலகிவிட்டது. தரையில் உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எங்கள் வேலையோ முழுக்கத் தரையில் நடப்பது. ஆகவே வேங்கிக்கால் அலுவலகத்தில் நாற்காலி போட்டு, பயிற்சிக் குறிப்புகள் தயாரிக்கிறேன். இந்தக் கட்டுரையில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மின்னணுவியல் பொறியியல் முடித்தேன். அக்கா மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபோது அவனோடு சிகிச்சைக்குப் போய்வந்து, பிறகு சிறப்புக் கல்வி படித்தேன். பொறியியலில் பழுது கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அதையே குழந்தைகளிடம் செய்யக் கூடாது என்று சிறப்புக் கல்வியில் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்பதை சுரையா மேடத்திடம்தான் பார்த்தேன்.

சுரையா மேடம் எங்கள் மையத்தின் பொறுப்பாளர். திருவண்ணாமலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய குடும்பத்துக்கு டவுனில் துணிக்கடை. நான் சேர்ந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. ஒரு வீட்டுக்குள் அவர் நுழையும் விதத்தை மட்டுமே ஒரு பாடமாக வைக்கலாம். குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எதிரில் உட்கார மாட்டார். ஒரு பக்கமாக, குழந்தை பார்க்கிற திசையையே தானும் பார்த்தபடி தரையில் உட்காருவார். முதல் நாள் தொடவே மாட்டார். கொடுக்கிற டீயைக் குடித்து முடிப்பார். பிறகு அம்மாவிடம், "இவளுக்கு இன்னா புடிக்கும்?" என்று கேட்பார். என்ன பிரச்சினை என்று கேட்க மாட்டார். அது தானாக வரும் என்பார்.

அது வரத் தொடங்கியதும் அவருடைய இரண்டு விதிகள் அமலுக்கு வரும். ஒன்று, நடந்ததை எண் போட்டுச் சொல்ல வேண்டும். மற்றது, 'திடீர்னு' என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. "திடீர்னு எதுவும் நடக்காதுங்க. நாம லேட்டா பாத்தோம், அவ்ளோதான்" என்பார்.

அந்தப் பௌர்ணமி முடிந்த வாரம் நாங்கள் முதன்முதலாகப் போன சங்கவி வீட்டில் இந்த விதி பெரிய சிரிப்பானது. முதல் வரியிலேயே ஏழுமலை, "திடீர்னு பாத்தா புள்ளைய காணோம்" என்றார். மேடம் விரலைத் தூக்கினார். அவர் திருத்திக்கொண்டு மறுபடி தொடங்கினார், மறுபடி அதே சொல். செல்வி, "அது இல்லாம இந்த மனுசனுக்குப் பேச்சே வராது மேடம். எங்க கல்யாணத்தையே திடீர்னு ஆயிடுச்சுன்னுதான் சொல்லுவாரு" என்றார். கட்டுப் போட்ட கையோடு ஏழுமலையும் சிரித்தார். அடிபட்ட பிறகு அவர் அன்றைக்குத்தான் முதலில் சிரித்தார் என்று செல்வி பிறகு சொன்னார்.

கோவிந்தன் சிரிக்கவில்லை. அவர் அரசுப் பேருந்து நடத்துநர். தம்பியைக் கூட்டம் அடித்த அன்று மருத்துவமனையில் கூடவே இருந்தவர். அவரைக் கல்மனசுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். வாசலில் நின்றபடி மேடத்திடம் சொன்னார்: "அடுத்த தடவை உசுருக்கே ஆபத்தாயிடும். ஒரு நாளு இவனுக்கு, இல்லாட்டி புள்ளைக்கு. விடுதியில பூட்டு இருக்குது, ஆளு இருக்குது. நீங்க இன்னா பண்ணுவீங்க, பொம்மை அட்டை காட்டுவீங்களா?"

மேடம் கோபப்படவில்லை. "அடுத்த பௌர்ணமி வரைக்கும் டைம் குடுங்க. அதுக்கு மேல குடும்பமா சேர்ந்து இன்னா முடிவு பண்ணாலும் நான் குறுக்க வர மாட்டேன்" என்றார். செல்வி அப்போது மேடத்தைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. மகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வழி தேட அவருக்கு இருந்த காலம் அவ்வளவுதான்.

பொம்மை அட்டை காட்டத்தான் செய்தோம். சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை, 'காத்திரு', 'முடிந்தது' என்று படங்கள். வாரத்தில் மூன்று நாள் நான் போனேன். சங்கவி வேகமாகக் கற்றாள். 'காத்திரு' அட்டையைக் காட்டினால் கடைப்பலகைக்கு உள்ளேயே நின்றாள். சாதாரண நாட்களில் அவள் வெளியே போக முயலவே இல்லை. அதில்தான் சிக்கல். பலகைக்கு அந்தப் பக்கம் பாதை எப்போதும் இருக்கிறது. பௌர்ணமிக்கு மட்டும் ஏன் போகிறாள்? சத்தம் ஜாஸ்தி, வெளிச்சம் ஜாஸ்தி, அம்மாவின் கவனம் கம்மி. அதெல்லாம் தாங்காமல் ஓடுகிறாள் என்று நான் என் குறிப்பில் எழுதினேன். மேடம் படித்துவிட்டு, "சத்தம் தாங்காத புள்ள சத்தத்துக்குள்ளயா ஓடும்?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கட்டுரையின் காரணம். நடந்ததை அப்படியே நடித்துக் காட்டச் சொன்னார், நடந்த இடத்திலேயே. ஒரு சனிக்கிழமை மாலை, ஓரளவு ஆட்கள் சுற்றிக்கொண்டிருந்த நேரம். சங்கவி அத்தையோடு வீட்டில் இருந்தாள். நான் சங்கவி. ஏழுமலை ஏழுமலையாகவே. செல்வியும் மேடமும் பின்னால். கடைப்பலகையைத் தாண்டினேன், நடந்தேன். செல்வி பின்னாலிருந்து, "எம்பொண்ணு இப்படி அன்னநடை போடாது மிஸ். செருப்பக் கழட்டுங்க மொதல்ல" என்றார். கழற்றினேன். சங்கவி செருப்பே போட மாட்டாள். காலையில் பள்ளிக்குக் கிளப்பும்போது தினமும் அதற்குத்தான் சண்டை. அந்தப் பாதையிலோ பாதிப் பேர் வெறுங்காலில்தான் நடக்கிறார்கள், யாரும் யாரையும் செருப்புப் போடச் சொல்வதில்லை. இதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

குபேர லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஏழுமலை என் கையைப் பிடிக்க வந்தார். கூச்சத்தோடு, துப்பட்டா நுனியைத்தான் பிடித்தார். திருப்பினார்.

திரும்பியதும் எதிரில் முகங்கள். அதுவரை நான் பார்த்தது முதுகுகள் மட்டும்: வேட்டி, புடவை, பள்ளிப் பை, தோளில் தூங்கும் குழந்தையின் பின்தலை. எல்லாம் ஒரே திசை, ஏறக்குறைய ஒரே வேகம். திரும்பிய கணத்தில் அத்தனையும் கண்ணும் வாயுமாக என்னை நோக்கி வந்தன. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் அந்தப் பாதையில் யாரும் எதிர்த்திசையில் நடப்பதில்லை. ஒரு அம்மாள், "மலையச் சுத்தறப்ப திரும்பக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டே போனார். நான் என்னையறியாமல் தலையைக் குனிந்தேன்.

சங்கவிக்கு முகங்கள் ஆகாது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அலமாரிப் பக்கம் திரும்பி நிற்பாள். இது எங்கள் எல்லாருக்கும் முதல் வாரத்திலேயே தெரியும். இதையும் அவளை எதிர்த்திசையில் திருப்பியதையும் யாரும் பொருத்திப் பார்க்கவில்லை.

பார்த்ததை எண் போட்டுச் சொன்னேன். செல்வி நடுப்பாதையில் நின்றுவிட்டார்.

"அவ ஓடிப் போகல மேடம். மலை சுத்தப் போயிருக்கா. நாங்கதான் பாதியில இழுத்தாந்துட்டோம்."

ஏழுமலை தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். அந்த ஊரில் பிறந்த யாரும் கிரிவலத்தைப் பாதியில் விட்டு வந்தவழியே திரும்ப மாட்டார்கள். அவரும் வேறு யாரையும் திருப்பியிருக்க மாட்டார். மகளை மட்டும் காணாமல்போன பிள்ளையாகப் பார்த்ததால், வீட்டுக்குக் கிட்ட வழி எதுவோ அந்த வழியில் இழுத்தார். அப்பனாக அவர் செய்தது சரிதான் என்று மேடம் அவரிடம் அங்கேயே சொன்னார். அதைச் சொன்ன பிறகுதான் அடுத்த பேச்சுக்குப் போனார்.

அடுத்த பேச்சு, எதிர்பார்த்தபடியே, எங்கள் வேகத்துக்கு அணை போடுவது. "நல்லா இருக்குது. ஆனா இது யூகம். முன்னாடி போற வழியில கூட்டிட்டுப் போய் பாத்தாதான் தெரியும்" என்றார். எதிர்த்திசையில் இழுத்துச் சோதிக்கிற பேச்சே கிடையாது. அழவைத்து நிரூபிக்கிற எதையும் அவர் செய்ய விடமாட்டார்.

சாதாரண மாலைகளில் சங்கவியோடு நடந்தோம். கொஞ்ச தூரம், பிறகு இன்னும் கொஞ்சம். வெளியேறுவதென்றால் முன்னால் வரும் குறுக்குச் சாலையில் வெளியேறினோம். அங்கே 'முடிந்தது' அட்டை, ஏழுமலையின் வண்டி. கடி இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பௌர்ணமிக்கு யார் கூடப் போவது என்று வந்தபோது வழி அடைபட்டது. செல்வி கடையை விட முடியாது. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் நல்ல வியாபாரம். கூட்டத்தைக் காணும் முன்பே ஏழுமலைக்குப் பயம் வந்துவிட்டது. நடுக்கத்தோடு இருக்கிறவர் கூட வந்தால் பிள்ளைக்கும் நடுக்கம் வரும். நான் கூட வருவேன், ஆனால் நான் குடும்பம் இல்லை. எங்களை நம்பி நிற்கிற திட்டம் நாங்கள் போனதும் விழுந்துவிடும் என்பது மேடத்தின் கணக்கு. அவர் கோவிந்தன் வீட்டுக்குப் போனார். நானும் போனேன்.

கோவிந்தன் ஒவ்வொரு பௌர்ணமியும் சுற்றுகிறவர். பழைய வேண்டுதல். அன்றைக்கு விடுப்புப் போட்டுவிடுவார். மேடம் நேராகக் கேட்டார்: "நீங்க எப்படியும் நடக்கப்போறீங்க. சங்கவி உங்க பின்னாடி வரட்டும்."

"நான் மனசை ஒருநிலைப்படுத்திப் போறவங்க. புள்ளையப் பாத்துக்கினு, கையப் புடிச்சிக்கினு எப்படிப் போறது?"

"கையப் புடிக்க வேணாம். பாக்கவும் வேணாம். முன்னாடி நடந்தா போதும். அவ உங்க முதுகப் பாத்துக்கினு வருவா. பின்னாடி மிஸ் இருப்பாங்க."

"சும்மா முதுகா?"

"சும்மா முதுகுதான். திரும்பக் கூடாது. அவ சத்தம் போட்டாலும்."

அவர், பேருந்தில் சில்லறை கேட்கும் குரலில், "சரி. ஒரு தடவை. அதுக்கப்புறம் வேலூரு" என்றார். செல்வி அவருக்கென்று மஞ்சள் துண்டு ஒன்று வாங்கிவைத்தார். அதைத் தோளில் போட்டு, பௌர்ணமிக்கு முன் சில மாலைகள் அவர் பணி முடிந்து வந்து கொஞ்ச தூரம் நடந்து பழக்கினார். அந்தச் சீரான நடத்துநர் நடை சங்கவிக்குப் பிடித்துவிட்டது.

பௌர்ணமியன்று மாலை நான்கு மணிக்கெல்லாம் கிளம்பினோம். கடைப்பலகையை செல்வியே தூக்கிவிட்டார். நான் வாயு லிங்கம், குபேர லிங்கம் என்று ஒவ்வொன்றாக மனதில் டிக் அடித்துக்கொண்டே போனேன். சங்கவியின் கைகள் தளர்ந்து தொங்கின. வீட்டில் நான் பார்த்தே இராத தளர்வு அது. போன முறை கடித்த இடத்தைத் தாண்டியபோது அவளிடம் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குத்தான் வியர்த்தது.

டவுனுக்குள் நுழைந்ததும் நெரிசல். கோபுரத்தை நெருங்க நெருங்கக் கூட்டம் நகராமல் நின்றுவிட்டது. நின்ற கூட்டம் என்ன செய்யும், திரும்பிப் பார்க்கும். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் என்னவென்று பார்க்கத் திரும்பினார்கள். முகங்கள். சங்கவி கையை வாய்க்குக் கொண்டுபோனாள். கத்துவதற்கு முன் தொண்டைக்குள்ளிருந்து வரும் அந்த ஓசை தொடங்கியது. நான் அட்டையை எடுப்பதற்குள் பக்கத்தில் ஒருவர், "இன்னா ஆச்சு பாப்பாவுக்கு?" என்று குனிந்து அவள் முகத்துக்கு நேராக வந்தார்.

கோவிந்தனுக்குக் காது கேட்கிறது. அவர் தோள்கள் இறுகியதை நான் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. இரண்டு கையையும் விரித்து, பேருந்தில் படியில் நிற்பவர்களை உள்ளே அனுப்பும் அதே குரலில், "கொஞ்சம் வழி விடுங்க, அப்படியே முன்ன பாருங்க, முன்ன பாருங்க" என்றார். பின்னோக்கி ஒரு எட்டு வைத்தார். இன்னொன்று வைத்தார். மஞ்சள் துண்டு சங்கவியின் முகத்தை முழுக்க மறைக்கும்வரை பின்னால் வந்து, கையை அப்படியே விரித்தபடி நின்றார். சொல்லிவைத்த திட்டத்தில் இது இல்லை.

சங்கவி நெற்றியை அந்த முதுகில் சாய்த்தாள். ஓசை இறங்கியது. நின்றது. கூட்டம் நகர்ந்ததும் அவர் நகர்ந்தார், அவளும்.

செங்கம் சாலைக்கு வந்து, விடுதிகளையும் காபிக் கடைகளையும் தாண்டி, கூட்டம் இளகிய இடத்தில் அவர் திரும்பாமலே என்னிடம் கேட்டார்: "மிஸ், வராளா?"

"வரா."

"அழுவுறாளா?"

"இல்ல."

நீங்கள்தான் அழுகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. குரலில் தெரிந்தது, முகத்தை நான் பார்க்கவில்லை.

சுற்று முடிந்து கடைக்கு வந்து சேர்ந்தபோது செல்வி எண்ணெய்ச் சட்டியை அப்படியே விட்டு எழுந்து நின்றார். சங்கவி பலகைக்கு உள்ளே தானாகப் போய், அட்டைகள் தொங்கும் ஆணியிலிருந்து 'முடிந்தது' அட்டையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். அதுவரை அந்த அட்டையை நாங்கள்தான் அவளிடம் காட்டியிருந்தோம். கோவிந்தன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "துண்டு நல்லா இருக்குது. அடுத்த மாசத்துக்கும் ஆவும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். வேலூர்ப் பேச்சு அதோடு அந்த வீட்டில் எழவில்லை.

சுரையா மேடத்திடம் மறுநாள் எல்லாவற்றையும் எண் போட்டுச் சொன்னேன். பின்னோக்கி வைத்த எட்டுகளில் நிறுத்தி, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். "அது நம்ம திட்டம் இல்ல. பெரியப்பாவோட திட்டம். அப்படியே எழுது" என்றார். அறிக்கையில் அப்படியே எழுதியிருக்கிறேன். இப்போதைய டேப்லெட்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்று தேடினேன். 'பிற குறிப்புகள்' என்று கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. புதிய பெண்களுக்கு நான் சொல்வது, அந்தக் கட்டத்தை நிரப்புங்கள் என்பதுதான்.

இப்போதைய நிலை இது. சங்கவிக்குப் பதினாறு வயது. பேச்சு வரவில்லை. அட்டைகள் அதிகமாகியிருக்கின்றன. கடிப்பது முழுதாக நிற்கவில்லை. நெரிசல் அதிகமாகும் கார்த்திகை தீபத்தன்று நடப்பதில்லை, அத்தை வீட்டுக்குப் போய்விடுகிறாள். மற்ற பௌர்ணமிகளில், மழை இல்லாவிட்டால், நடக்கிறாள். ஏழுமலையும் இப்போது கூடப் போகிறார். கோவிந்தன் பணி ஓய்வு பெற்றுவிட்டார். முழங்கால் வலியால் கடைசிப் பகுதியில் அவருடைய நடை தளர்கிறது. அங்கே சங்கவி அவரைத் தாண்டி முன்னால் போய்விடுவதாகவும், அவர் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேருவதாகவும் செல்வி சொல்கிறார்.